ஸ்பேனருக்கு அடியில் போன படம்

விமெரா என்கிற கோதுமை வட்டாரத்துச் சின்ன ஊர்களில் அருங்காட்சியகம் திறந்து மூடுகிறவர்களுக்கெல்லாம் ஆல்வின் நோஸ்கேயைத் தெரியும். வெள்ளை பிக்கப் வண்டி, பக்கத்து இருக்கையில் டீ பிளாஸ்க், தலையில் நிறம் போன தொப்பி, இடதுகாலைக் கொஞ்சம் சாய்த்து வைக்கிற நடை. ஞாயிற்றுக்கிழமை மதியம் கதவைத் திறந்து வைத்துவிட்டு, யாராவது வருவார்களா என்று வாசலைப் பார்த்தபடி ஸ்வெட்டர் பின்னுகிற பெண்களுக்கு, அவர் வண்டி வந்து நின்றால் அன்றைய பொழுது வீணாகவில்லை. அவர் உண்டியலில் காசு போடுவார், உள்ளே போவார், எல்லாவற்றையும் பார்ப்பார், நன்றி சொல்லிவிட்டுப் போவார். என்ன தேடுகிறார் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. அவர் சொன்னதில்லை.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. "என் பெண்டாட்டி வரைந்த படத்தைத் தேடுகிறேன்" என்று சொன்னால், அடுத்த கேள்வி "எப்படி இருக்கும்?" என்பதாகத்தானே இருக்கும். அதற்கு அவரிடம் பதில் இல்லை. எல்வா வரைந்த படம் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை.

இதைக் கேட்டால் சிரிப்பு வரும். ஒரே கூரைக்குக் கீழே கல்யாணம் பண்ணிப் பிள்ளை பெற்று, தலை நரைக்கும்வரை வாழ்ந்தவர்கள். ஆனால் அந்தப் பக்கத்துப் பண்ணைவீடுகளை அறிந்தவர்கள் சிரிக்கமாட்டார்கள். விடிந்தால் ஆண் வெளியே, பெண் உள்ளே. கோதுமையும் ஆடும் அவன் பாடு. அடுப்பும் கோழியும் அவள் பாடு. மதியச் சாப்பாட்டுக்கு வருவான், வானொலியில் விலை நிலவரம் கேட்பான், திரும்பப் போவான். பாசம் இல்லை என்று யார் சொன்னது? பாசம் நிறைய. பேச்சுதான் குறைச்சல்.

புதன்கிழமை மதியங்களில் எல்வா துணி துவைக்கிற அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வரைவாள். ஆல்வினுக்குத் தெரிந்ததெல்லாம் பெயின்ட் கரைக்கிற டர்பன்டைன் வாசனைதான். தற்செயலாக எட்டிப் பார்த்தால் பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுவாள்.

"என்னத்த வரையிற?"

"முடியட்டும். காட்டறேன்."

"ஊர் விவசாயக் கண்காட்சிக்குக் குடுக்கப்போறியா?"

"குடுத்து? பக்கத்துல பூசணிக்காய வெச்சு, அதுக்குப் பரிசு குடுப்பானுங்க. நீங்க போய் ஆட்டப் பாருங்க."

அவர் ஆட்டைப் பார்க்கப் போய்விடுவார். அப்படியே காலம் ஓடியது. ஒரு காலையில் கோழிக்குத் தீனி வைக்கப் போன எல்வா அங்கேயே விழுந்தாள். எந்தப் படமும் முடிந்ததாக அவள் சொல்லியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு தனியாகப் பண்ணையை நடத்த அவருக்கு மனம் வரவில்லை. நிலத்தைப் பக்கத்துக்காரரிடம் விற்றுவிட்டு, பக்கத்து நகரமான ஹார்ஷமில் சின்ன வீடு ஒன்று பார்த்தார். பண்ணையை விட்டுப் போகிறவர்கள் எல்லாரையும்போலக் கடைசி ஏலமும் போட்டார். கலப்பை முதல் காபிக் கோப்பை வரை காலி நிலத்தில் வரிசை வரிசையாகப் பரப்பி வைப்பார்கள். ஏலக்காரர் வரிசையோடு நடப்பார், ஊரே அவர் பின்னால் நடக்கும், ஓரத்தில் கால்பந்துக் கிளப்புக்காரர்கள் ரொட்டியில் சாசேஜ் வைத்து விற்பார்கள். சாவு வீட்டைவிடத் துக்கமான இடம். ஆனால் எல்லாரும் ஜோக் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த ஏலத்தில் ஒரு தந்திரம் உண்டு. எல்லா விவசாயியும் செய்வது. உடைந்த பிடி, துருப்பிடித்த ஆணி, மூடியில்லாத ஜாடி என்று குப்பையையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டு, மேலே ஒரே ஒரு நல்ல சாமானை வைத்துவிட வேண்டும். அதற்காகவே மொத்தப் பெட்டியும் போகும். துணி துவைக்கிற அறையிலிருந்து பக்கத்து வீட்டுப் பையன்கள் தூக்கி வந்த பெட்டிகளில் ஒன்றின் மேலே ஜாடிகளும் கந்தல் துணியும் தெரிந்தன. விலை போகாது என்று நினைத்த ஆல்வின், தன் பெரிய ஸ்பேனரை எடுத்து அதன் தலையில் வைத்தார். தந்திரம் பலித்தது. பெட்டி போயிற்று. கந்தல் துணிக்குக் கீழே எல்வாவின் படங்கள் இருந்தன.

மகள் ரோஸ்லின் ஜீலாங்கிலிருந்து போன் செய்து, "அப்பா, அம்மா படமெல்லாம் எங்கே வெச்சிருக்கீங்க?" என்று கேட்டபோதுதான் அவருக்கு உறைத்தது. ஏலக்காரரிடம் விசாரித்து, பெட்டியை எடுத்த பழைய சாமான் வியாபாரியைத் தேடிப்பிடித்தார்.

"படமா? எனக்கு அந்த ஸ்பேனர்தான்யா வேணும்," என்றான் அவன். "மத்ததையெல்லாம் போற வழியில ஏதோ ஒரு மியூசியத்துல எறக்கிட்டேன்."

"எந்த ஊரு?"

"ஊருக்கு ஒண்ணு வெச்சிருக்கானுங்களே, எதுன்னு ஞாபகம் வெச்சுக்கறது? எதைக் குடுத்தாலும் வாங்கிக்கறானுங்க. வேணாம்னு சொல்லவே தெரியாத ஜனங்க."

அன்றைக்கு ஆரம்பித்தது இந்த அலைச்சல்.

ரோஸ்லின் கேட்டாள்: "என்ன படம்னாவது தெரியுமாப்பா? பூவா, மலையா, மனுஷங்களா?"

"படம்தான்."

"படம்னா?"

"உனக்குத் தெரியுமா?"

"எங்கிட்ட பெயின்ட்தான் வாங்கி அனுப்பச் சொல்வாங்க. காவியும் நீலமும் சீக்கிரம் தீந்துடுதுன்னு பொலம்புவாங்க."

காவியும் நீலமும். மண்ணும் வானமும். அந்தப் பக்கம் யார் எதை வரைந்தாலும் இரண்டும்தான். இருந்தாலும் பார்த்தால் தெரிந்துவிடும் என்று ஆல்வின் நம்பினார். ஆயிரம் ஆட்டில் தன் ஆட்டைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்குத் தன் வீட்டுக்காரி கை தெரியாதா? பகலில் இப்படித் தைரியமாக இருப்பார். வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்பும்போதுதான் பயம் பிடிக்கும். இன்று பார்த்த சுவர்களில் ஒன்றில் அது இருந்து, தெரியாமல் தாண்டி வந்துவிட்டோமோ? அந்தப் பயம் வந்தால் அடுத்த வாரமே அந்த ஊருக்கு மறுபடி போவார்.

இப்படி அவர் பார்த்த சாமான்களைச் சொல்லி மாளாது. பலகையில் வரிசையாக அடித்த முள்கம்பி வகைகள், வெண்ணெய் கடையும் எந்திரங்கள், ஊருக்கு ஊர் அதே கரி இஸ்திரிப்பெட்டி, பல் டாக்டர் நாற்காலி, விரல் போன பொம்மைக்கு மாட்டிய கல்யாண கவுன். ஓவியக்கூடங்களையும் விடவில்லை. மூடிப்போன வங்கி ஒன்றில் ஒரு இளம்பெண் துருப்பிடித்த கம்பியைச் சுருட்டிக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தாள்.

"இது என்னம்மா?"

"வறட்சி."

"எங்கிட்ட கேட்டிருந்தா ஒரு வண்டி நெறையக் குடுத்திருப்பேனே," என்றார் ஆல்வின். அவளுக்குக் கோபம் வந்ததா சிரிப்பு வந்ததா தெரியவில்லை, டீ போட்டுக் கொடுத்தாள்.

உண்மையான இடைஞ்சல் ஆண்கள்தான். ஒவ்வொரு அருங்காட்சியகத்துக்குப் பின்னாலும் ஒரு தகரக்கொட்டகை, அதற்குள் பழைய எந்திரங்கள், அவற்றைத் துடைத்து எண்ணெய் விட்டுக்கொண்டு ஒரு கிழவர். விவசாயி ஒருவர் வந்திருக்கிறார் என்று காதில் விழுந்தால் போதும், தோளைப் பிடித்து இழுத்துப்போய் எந்திரத்தை ஓட்டிக் காட்டாமல் விடமாட்டார். இவரும் தலையை ஆட்டிக்கொண்டு நிற்பார். வேண்டாம் என்று சொன்னால் மரியாதை இல்லை. கிரீன்வெல் என்ற ஊருக்கு முதல் தடவை போனபோது அப்படித்தான், ரெக்ஸ் என்பவர் பிடித்துக்கொண்டு, கிளம்பாத எந்திரத்தைச் சாயங்காலம்வரை கிளப்பப் பார்த்தார். வெளியே வந்தால் கட்டடம் பூட்டியிருந்தது.

இரண்டாம் தடவை கிரீன்வெல் போன அன்று நல்ல மழை. கதவில் பூட்டு. "பார்க்க விரும்பினால் டல்சியைக் கூப்பிடவும்" என்று ஒரு அட்டை, கீழே போன் எண். எதிர்வீட்டிலிருந்தே டல்சி வந்தாள். உருண்டையான கிழவி, மழைக்கோட்டுக்குள் சமையல் ஏப்ரன், கையில் சாவி.

"இந்த மழையில வந்திருக்கியே கண்ணு, உனக்கு வேற பொழப்பு இல்லையா?"

"இல்ல," என்றார் ஆல்வின். அது உண்மைதான்.

"ரெக்ஸைக் கூப்பிடட்டுமா? எந்திரம் ஓட்டிக் காட்டுவாரு."

"வேணாம்! வேணாம். அவரைத் தொந்தரவு பண்ணாதீங்க."

"ஓஹோ, ஏற்கெனவே மாட்டிக்கிட்டவன்தானா," என்று சிரித்துக்கொண்டே டல்சி விளக்கைப் போட்டாள்.

முன்னறையில் பட்டாளத்துக்குப் போனவர்களின் பெயர்ப்பலகை, பள்ளிக்கூட மேசைகள். சுவரில் நாலைந்து படங்கள். குதிரை, கப்பல், மறுபடியும் குதிரை. ஆல்வின் ஒவ்வொன்றின் முன்னும் நின்றார். மனம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த அறைக்குப் போனார். அங்கே பழைய காலத்துச் சமையலறை ஒன்றை அமைத்திருந்தார்கள். விறகடுப்பு, மேசை, மேசைமேல் தூசி படிந்த, களிமண்ணில் செய்த ஸ்கோன் ரொட்டிகள், பாத்திரம் கழுவும் தொட்டி. அதற்கு மேலே, பூப்போட்ட திரைச்சீலை இரண்டு பக்கமும் ஒதுக்கிய ஜன்னல். யாரும் உள்ளே போகாதபடி குறுக்கே ஒரு கயிறு.

ஜன்னலுக்கு வெளியே வெயில் அடித்தது. தகரக்கூரையில் மழை சடசடவென்று கொட்டிக்கொண்டிருக்க, அந்த ஜன்னலில் மட்டும் சுள்ளென்று மதிய வெயில். அறுப்பு முடிந்த கோதுமைக் காடு, தண்ணீர் வற்றிய குட்டை, பக்கத்தில் சாய்ந்த தகரத்தொட்டி. ஆல்வின் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். அது ஜன்னல் இல்லை, படம் என்று புரிய அவருக்கு நேரம் பிடித்தது. குட்டையைத் தாண்டி ஒரு கேட். அதை எந்தத் தச்சனும் செய்யவில்லை. பழைய இரும்புக் கட்டிலின் தலைமாட்டைக் கம்பியால் கட்டி அவரே மாட்டியது. உலகத்தில் அப்படி ஒரு கேட்தான் உண்டு.

"அதைக் கேக்காத ஆளே இல்ல," என்றாள் டல்சி. "ஜன்னல் இல்லாத செவுரு. சமையல்கட்டுன்னா ஜன்னல் வேணாமா? யாரோ எறக்கிட்டுப் போன பெட்டியில இது கெடந்துச்சு. நான்தான் திரைத்துணி தெச்சு மாட்டுனேன். அசல் ஜன்னல் மாதிரியே இல்ல?"

"வேற படம் இருந்துச்சா?"

"நாலஞ்சு இருந்துச்சு. வந்த வருஷமே கொட்டகை ஒழுகி எல்லாம் நனைஞ்சு உப்பிப்போச்சு. அதுவும் இதேதான். இதே காடு, இதே கேட். மழைக்காலத்துல ஒண்ணு, பனியில ஒண்ணு. பாவம், அந்தம்மாவுக்கு வேற எதுவும் வரையத் தெரியல போல."

ஆல்வின் படத்தைக் காட்டினார். "என் வீட்டுக்காரி," என்றார். "எல்வா. எல்வா நோஸ்கே."

டல்சி அவரைப் பார்த்தாள். பிறகு கயிற்றை அவிழ்த்தாள். யாரையும் உள்ளே விடக்கூடாது என்று அதைக் கட்டிவைத்தவளே அவள்தான்.

ஆல்வின் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால் போய் நின்றார். பலகையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்தார். எல்வா எங்கே இருக்கிறாள் என்று தேடினார். இத்தனை நாள் அலைந்ததே அதற்குத்தான். அவள் மனதில் என்ன இருந்தது, அந்தச் சாத்திய கதவுக்குப் பின்னால் எதை நினைத்துக்கொண்டிருந்தாள், அதை ஒருதரமாவது பார்த்துவிட வேண்டும். குட்டைக் கரையில் தேடினார். துணிக்கொடி ஓரத்தில் தேடினார். கோழிக்கூட்டைக்கூட வரைந்திருந்தாள், அங்கும் அவள் இல்லை. கட்டைவிரல் நகமளவுக்கு ஒரே ஒரு உருவம், கேட்டைத் திறந்துகொண்டு வீட்டைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. தொப்பி. கொஞ்சம் இடதுகாலைச் சாய்த்து வைக்கிற நடை.

"அவளத் தேடித்தான் வந்தேன்," என்றார். "அவ இதுல இல்ல. நான்தான் இருக்கேன்."

"எல்லாத்துலயும் இந்த ஆளு இருந்தாரு," என்றாள் டல்சி. "நனைஞ்சு போனதுலயும். வந்துக்கிட்டே இருப்பாரு."

ஆல்வின் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்தப் பக்கத்து ஆண்கள் அடுத்தவர் முன்னால் அழுவதில்லை. டல்சி பார்க்காததுபோல ஒரு களிமண் ஸ்கோனை எடுத்து ஏப்ரனில் துடைத்தாள்.

"கழட்டித் தரேன், எடுத்துக்கிட்டுப் போ கண்ணு," என்றாள் கொஞ்சம் கழித்து. "கமிட்டிக்கு நான் சொல்லிக்கறேன். இங்க ஒரு காலண்டர மாட்டிட்டாப் போச்சு."

"எடுத்துக்கறேன். இப்பக் கழட்டாதீங்க. கொஞ்சம் நிக்கறேன்."

"நில்லு. பாத்திரம் கழுவுறப்போ அவளும் இப்படி ஒரு ஜன்னல் முன்னாலதானே நின்னிருப்பா? அங்கருந்து தெனம் இப்படித்தான் பார்த்திருப்பா, இல்ல?"

ஆல்வின் தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியாது," என்றார். "நான் எப்பவும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம்தானே இருந்தேன்."