லெம்பி சொன்ன ஆறு பேர்

லார்ச் பே என்ற எங்கள் ஊரில் லெம்பி ராய்ஹலாவைத் தெரியாத ஆள் ஒருவர் இருந்தால், அவர் போன வாரம்தான் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கியிருக்க வேண்டும். ஏரிக்கரைச் சாலையில் பாஸ்டி சுட்டு விற்கிறவள். மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் வைத்து மாவை மடித்து, ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி மூடுவாள். உள்ளே கேரட் போடலாமே என்று யாராவது சொன்னால், பக்கத்து ஊருக்கு வழி சொல்லி அனுப்பிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் போதகர் பேசும்போது கண்ணயர்ந்தாலும் அயர்வாள். சனிக்கிழமை கல்லூரி அரங்கத்தில் பனிமேல் ஹாக்கி நடக்கும்போது இமை கொட்ட மாட்டாள்.

அந்த அரங்கத்துக்குக் கூரை போடும் முன்னாலேயே அவள் அங்கே போகத் தொடங்கிவிட்டாள். அப்பா சுரங்கத்திலிருந்து வந்து முகம் கழுவியதும், இவளைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார். பிறகு அங்கேயே காபி விற்றாள். கல்யாணமும் அங்கேதான் கூடி வந்தது. எத்தனையோ பையன்கள் வந்தார்கள், ஆடினார்கள், படித்து முடித்துப் போனார்கள். ஒருத்தனையும் அவள் மறக்கவில்லை. அவர்களுடைய அம்மாக்கள் மறந்திருப்பார்கள், இவள் மறக்கவில்லை. இதில் யார் வந்து வாதாடினாலும் நான் ஒப்புக்கொள்வதாக இல்லை.

எங்கள் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. குளிர்காலத் திருவிழாச் சனிக்கிழமை ஆட்டத்தில், மூன்று பகுதிகளில் இரண்டாவது முடிந்து, கீறல் விழுந்த பனித்தளத்தைத் துலக்கி முடித்ததும், ரசிகர் ஒருவரை நடுவே கூப்பிட்டு ஒலிபெருக்கியைக் கையில் கொடுப்பார்கள். இத்தனை காலத்தில் இங்கே ஆடியவர்களில் தனக்குப் பிடித்த ஆறு பேரை அவர் சொல்ல வேண்டும். முன்னால் மூவர், பின்னால் இருவர், வலையைக் காக்க ஒருவர். அந்த ஆறு பேருக்கும் தன் கையாலேயே பின்னிய கம்பளிக் குல்லாயும் தர வேண்டும். பின்னத் தெரியாத ஆண்பிள்ளைகள்கூட அந்த வருஷம் ஊசியைப் பிடித்துவிடுவார்கள். மரக்கடைக்காரர் ஒருவர் பின்னிய குல்லாய்கள் காலுறை மாதிரி இருந்தன. அவற்றையும் தலையில் மாட்டிக்கொண்டு ஆறு பேரும் பெருமையாக நின்றார்கள்.

அந்த வருஷம் லெம்பியைக் கூப்பிட்டார்கள்.

ஐந்து பேர் அவளுக்கு நாக்கு நுனியில் இருந்தார்கள். முதலில் ஆர்லோ கிட்சன். ஆள் குள்ளம். எதிராளிகளின் கைக்கு அடியில் புகுந்து ரப்பர் வட்டை அடித்துக்கொண்டு போய்விடுவான், அவர்கள் அவனை ஆள் உயரத்தில் தேடிக்கொண்டிருப்பார்கள். இடப்பக்கம் இல்மரி மாகி. கோல் போட்டாலும் சிரிக்க மாட்டான், போடாவிட்டாலும் சிரிக்க மாட்டான். கல்யாணப் படத்தில்கூட வரி கட்டப் போகிறவன் மாதிரிதான் நிற்கிறான். வலப்பக்கம் ஹெக்டர் லாவல். ஓடும்போதே பிரெஞ்சில் பாடுவான், பாட்டு நின்றால் வட்டு வலைக்குள் போய்விட்டது என்று அர்த்தம். பின்னால் வால்டர் ஸ்டூர், பால் பண்ணைப் பையன். அவன் பனியில் விழுந்ததை யாரும் பார்த்ததில்லை, அவன்மேல் மோதி விழுந்தவர்களை எண்ணி முடியாது. அவனுக்குத் துணை பட் ஓமெலி. வேகமாக வரும் வட்டுக்கு முன்னால் மற்றவர்கள் மட்டையை நீட்டினால், இவன் முகத்தை நீட்டுவான். அவனுடைய முன்பல் ஒன்று காபி கவுண்டர்வரை வந்து விழுந்தது. லெம்பி அதைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

ஆறாவதில்தான் சிக்கல். வலை.

எம்மெட் டுஃப்ரேன் என்று ஒரு கோல்கீப்பர் இருந்தான், கனடாவிலிருந்து வந்தவன். அவனைப் போல ஒருத்தன் அவனுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அவன் இருந்த நான்கு வருஷமும் அவனுக்கு மாற்றாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் ரெய்னோ ராய்ஹலா. ஆமாம், லெம்பியின் புருஷன்தான். எம்மெட்டுக்குப் பொன்னுக்குவீங்கி வந்தபோது ஒரே ஒரு ஆட்டம் ஆடினான். ஒன்பது கோல் விட்டான். ஆட்டம் முடிந்து, தடுப்புக் கவசத்தைக்கூடக் கழற்றாமல் தலை குனிந்து காபி வாங்க வந்தான். "ஒம்போதுதானே? பத்தாகலையே," என்றாள் லெம்பி. அப்படித்தான் ஆரம்பித்தது.

ரெய்னோ பிறகு அந்த அரங்கத்திலேயே பனியைத் துலக்கும் வண்டியை ஓட்டும் வேலைக்குச் சேர்ந்தான். நல்ல மனுஷன். அவன் பெயரைச் சொன்னால் பொய், அதை லெம்பியின் வாய் சொல்லாது. எம்மெட் பெயரைச் சொன்னால், ஊரே பார்க்கப் புருஷனை மறுபடியும் பெஞ்சில் உட்கார வைத்தது போலாகும். அதற்கு அவள் மனம் வரவில்லை.

இதில் ஊர் வேறு. தலைக்கு அளவாகத்தானே குல்லாய் பின்ன வேண்டும்? ரெய்னோவின் தலை பூசணிக்காய், எம்மெட்டின் தலை கோழிமுட்டை. ஆகவே பாஸ்டி வாங்க வருகிற எல்லோரும், பாஸ்டியை விட்டுவிட்டு லெம்பியின் மடியையே எட்டிப் பார்த்தார்கள்.

கடையில் மாவு பிசையும் வெர்னாவும் விடவில்லை. "என்னடி இது, இவ்ளோ அகலமா? பரங்கிக்காய்க்கா பின்னுற?"

"கண்ணாடிய மாத்து. இது வால்டரோடது."

"வால்டரோடத நேத்தே முடிச்சிட்ட. எனக்குத் தெரியாதா? இது ரெய்னோ தலதான்."

"அப்போ ஒன் வாய்க்கும் ஒன்னு பின்னட்டுமா? நூல் பத்தாதேன்னு பாக்குறேன்."

"பேச்ச மாத்தாதடி. எம்மெட்ட விட்டுட்டேன்னா நான் ஒன்கூட பேச மாட்டேன்."

"அந்த நிம்மதிக்காகவே விட்டுரலாம் போலிருக்கே!"

வாயால் சிரித்தாளே தவிர, ஆறாவது குல்லாயை அவள் பின்னுவதும் பிரிப்பதுமாகவே இருந்தாள். கடைசியில் நடுவாந்தரமாக ஒன்றைப் பின்னி மேசைமேல் வைத்துவிட்டுக் கடைக்குப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் அது பால்வாளி போல விரிந்து கிடந்தது. ரெய்னோ தலையில் போட்டுப் பார்த்திருக்கிறான்! இவ்வளவு ஆசையா இந்த மனுஷனுக்கு? கேட்கலாம் என்றால், அவனோ வானிலை தவிர வேறு எதுவும் பேசுவதில்லை. ரெய்னோவைப் போன்ற பின்லாந்துக்காரன் ஒருவன் வானிலை பற்றியே பேசிக்கொண்டிருந்தால், மனசில் வேறு ஏதோ இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

வெள்ளிக்கிழமை எம்மெட் வந்து சேர்ந்தான். திருவிழாவுக்கு ஒவ்வொரு வருஷமும் வருவான், இவர்கள் வீட்டில்தான் தங்குவான். ரெய்னோவும் அவனும் சவுனா என்ற நீராவி அறையில் வெந்து, வெளியே ஓடிப்போய்ப் பனியில் புரண்டு, நண்டு மாதிரிச் சிவந்து சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

"குல்லாயெல்லாம் முடிஞ்சுதா லெம்பி?" என்று கேட்டான் எம்மெட், ஏலக்காய் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

லெம்பி பதில் சொல்லும் முன்னால் ரெய்னோ சட்டென்று எழுந்தான். "அடுப்புக்கு வெறகு பத்தல," என்றான். அடுப்பில் விறகு வாய்வரை இருந்தது.

மறுநாள் மதியம் அரங்கம் நிரம்பி வழிந்தது. எங்கள் அணிக்கு லூன் என்று எங்கள் ஏரிப் பறவை ஒன்றின் பெயர். கோல் விழுந்தால் மொத்தக் கூட்டமும் லூன் மாதிரியே ஊளையிடும். அன்றைக்கு இரண்டு முறை ஊளையிட்டோம். மேற்கிலிருந்து வந்த எதிரணி மூன்று போட்டுவிட்டது. இரண்டுக்கு மூன்று என்ற நிலையில் இரண்டாம் பகுதி முடிந்தது.

ரெய்னோ வண்டியில் ஏறிப் பனித்தளத்தைத் துலக்கினான். அந்தப் பனி அவ்வளவு வழுவழுப்பாக வந்து யாரும் பார்த்ததில்லை. வண்டியை வாயிற்கதவோரம் நிறுத்தி, இறங்காமல் அதிலேயே உட்கார்ந்திருந்தான். லெம்பிக்காக ஒரு கம்பளம் விரித்தார்கள். அறிவிப்பாளன் ஸ்டான் ஒலிபெருக்கியைக் கொடுத்தான்.

ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். ஆர்லோ வந்தான், இப்போது தொப்பையோடு. ஹெக்டர் பாடிக்கொண்டே வந்தான். பட் ஓமெலி பல்லைக் காட்டிக்கொண்டு வந்தான். வால்டர், கூரை ஒழுகுவது போல அழுதான். இல்மரி இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவன் மகள் வந்து வாங்கிக்கொண்டாள். அப்பாவைப் போலவே அவளும் சிரிக்கவில்லை, ஆனால் லெம்பியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

கையில் ஒரு குல்லாய் மீதி இருந்தது. லெம்பி எம்மெட்டைப் பார்த்தாள். அவன் தன் காலணியைப் பார்த்தான். ரெய்னோவைப் பார்த்தாள். அவன் வண்டியின் சக்கரத்தைப் பார்த்தான். பார்க்க வேறு இடமில்லாமல் அவள் தலையை நிமிர்த்தினாள். மேலே ஸ்கோர்ப் பலகை. இரண்டு, மூன்று.

"ஸ்டான், நாம ஒரு கோல் பின்னாடி இருக்கோம்," என்றாள் ஒலிபெருக்கியில்.

"தெரியுது லெம்பி. வலையில யாருன்னு சொல்லுங்க."

"ஒரு கோல் பின்னாடி இருந்தா கோச் என்ன பண்ணுவாரு?"

ஸ்டானுக்குப் புரியவில்லை. "கடைசி நிமிஷத்துல கோல்கீப்பர வெளிய கூப்பிட்டு, அவருக்குப் பதிலா கோல் போடுற ஆள் இன்னொருத்தர எறக்குவாரு. ஆனா இன்னும் ஒரு பகுதி பாக்கி..."

"நானும் அதத்தான் பண்றேன். என் கோல்கீப்பர வெளிய எடுத்துட்டேன். வலை காலி. ஆறாவது ஆளு டாமி கெஸ்கி!"

டாமி கெஸ்கி நான்கு வருஷம் ஆடி ஒரே ஒரு கோல் போட்டவன். அதுவும் அவன் முதுகில் பட்டு உள்ளே போனது. இப்போது பள்ளிப் பேருந்து ஓட்டுகிறான். தன் பெயர்தானா என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, படிக்கட்டில் இரண்டு முறை தடுக்கி ஓடி வந்தான். பிறகு எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பியது. பிறகு கூட்டம் முழுவதும் எழுந்து நின்று, கோல் விழுந்த மாதிரியே ஊளையிட்டது. ரெய்னோ இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். சிரிக்கிறானா அழுகிறானா என்று நடுத்தளத்திலிருந்து லெம்பிக்குத் தெரியவில்லை.

ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். கடைசி நிமிஷத்தில் கோச் நிஜமாகவே கோல்கீப்பரை வெளியே எடுத்தார். எதிராளி ஒருவன் அந்தக் கோடியிலிருந்து ஓங்கி அடித்தான், வட்டு தானாகவே சறுக்கி வந்து காலி வலைக்குள் போய் உட்கார்ந்தது. "லெம்பி, ஒன் யோசனையக் கேட்டுட்டாரு பாரு!" என்று வெளியே போகிறவர்களெல்லாம் அவளைக் கிண்டல் செய்தார்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது ரெய்னோ கார் ஓட்டினான். எம்மெட் பின்னால் உட்கார்ந்திருந்தான். பொழுது சாய்ந்து மூட்டமாக இருந்தது. கார் பாலத்தைத் தாண்டியது.

"நல்ல வேள," என்றான் ரெய்னோ.

"என்ன நல்ல வேள?"

"எங்க எம் பேரச் சொல்லித் தொலச்சிருவியோன்னு எனக்குத் தூக்கமே இல்ல. நீ இல்லாதப்ப அந்தக் குல்லாயப் போட்டுப் பாத்தேன். கச்சிதமா உக்காந்துச்சு. செத்தோம்னு நெனச்சேன்."

"உக்காரல! நீதான் இழுத்து உக்கார வெச்சிருக்க."

"ஒம்போது கோல் விட்டவன் நடுவுல போய்க் குல்லாய் வாங்குனா ஊரு என்ன சொல்லும்? பொண்டாட்டி தயவுல வாங்குனான்னு சொல்லாது? பனி தொலக்குற வண்டியத் திருப்பி ஏரிக்கே ஓட்டிட்டுப் போயிருப்பேன்."

லெம்பிக்குச் சிரிப்பு பீறிட்டது. பிரித்துப் பிரித்துப் பின்னியதெல்லாம் இதற்காகவா!

பின்னாலிருந்து எம்மெட் செருமினான். "ஒங்க ரெண்டு பேருக்கும் நிம்மதி. ரொம்ப சந்தோஷம். நான்தான் புதுக் கோட்டு வாங்கிப் போட்டுட்டு வந்தேன்."

"நீ எதிர்பாத்தியா?" என்று லெம்பி திரும்பிப் பார்த்தாள்.

"எதிர்பாக்காம? ஒவ்வொரு வருஷமும் ஒன் பாஸ்டிக்காக மட்டுமா வர்றேன்?"

ரெய்னோவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அதத்தானே நானும் கேக்குறேன்! இவன எப்படி விட்ட நீ? அந்த மின்னசோட்டாக்காரன் அடிச்சானே, கடைசிப் பந்தயத்துல, நான் பெஞ்சுலேருந்து பாத்துக்கிட்டே இருக்கேன், கோல்தான்னு எல்லாரும் எழுந்துட்டோம். இவன் தரையில கெடக்கான். கெடந்தபடியே கையத் தூக்கினான் பாரு, இப்படி..."

"அது எடது கைடா," என்றான் எம்மெட்.

"எடது கையா? ஆமா, எடது கை, இப்படி!"

"ஸ்டீயரிங்கப் புடி!" என்று லெம்பி கத்தினாள்.

பிடிக்கவில்லை. இரண்டு கையையும் மேலே தூக்கி எம்மெட்டின் தடுப்பைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே, வண்டி மெதுவாக, யாருக்கும் வலிக்காமல், ஓரத்துப் பனிமேட்டுக்குள் மூக்கை நுழைத்து நின்றது.

மூவரும் இறங்கினார்கள். ரெய்னோ இடுப்பளவு பனியில் நின்றபோதும், எம்மெட் எப்படி எழுந்தான் என்பதை இன்னும் சொல்லி முடிக்கவில்லை. ஆட்டம் பார்த்துத் திரும்பிய கல்லூரிப் பிள்ளைகள் ஒரு வண்டியில் வந்து நின்றார்கள், மண்வாரியோடு குதித்தார்கள். முன்னால் வந்த பெண் லெம்பியைக் கண்டதும் தோண்டுவதை விட்டுவிட்டாள்.

"நீங்கதானே அது! உண்மையச் சொல்லுங்க, வலையில யாரு?"

லெம்பி புருஷனைப் பார்த்தாள். மீசை முழுக்கப் பனியோடு அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், சொல்லு சொல்லு என்று தலையை ஆட்டியபடி.

"எம்மெட் டுஃப்ரேன்தான்," என்றாள். "வேற யாரு இருக்கா?"

"கேட்டியாடா!" என்று ரெய்னோ எம்மெட்டின் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டான். புதுக் கோட்டிலிருந்து பனி தெறித்தது. பிறகு லெம்பி பக்கம் திரும்பினான். "இன்னொரு தடவ சத்தமாச் சொல்லு லெம்பி. அந்த வண்டியில இருக்கறவங்களுக்குக் கேக்கல."