காய் வெளியே போகலாம், பெயர் போகக்கூடாது

ஏலக்காய் வியாபாரத்தில் காயை உலர்த்துவதுகூடச் சுலபம். அதை விளைவித்தவர்களின் விவரத்தை எந்த நாட்டில் வைப்பது என்பதுதான் பெரும்பாடு. கான்வென்ட்டில் படித்த பாவத்துக்கு, போடியில் என் கணவர் கடையின் கம்ப்யூட்டர் சோலி என் தலையில் விழுந்தது. உங்கள் தலையிலும் இப்படி ஏதாவது விழுந்திருக்கும், வாருங்கள், சேர்ந்தே புலம்புவோம்.

பாஸ்போர்ட் இல்லாத பயணம்

எந்தத் தோட்டத்தில் எப்போது எவ்வளவு காய்க்கும் என்று கணித்துச் சொல்லும் கிளவுட் சேவை ஒன்றில் சேர்ந்தேன். விவசாயிகளின் பெயர், போன் நம்பர், தோட்டம் இருக்கும் இடம், எல்லாவற்றையும் ஏற்றினேன். எங்களிடம் காய் வாங்கும் பெங்களூர் கம்பெனியிலிருந்து அந்த நேரம் பார்த்து ஒரு கடிதம்: விவசாயிகளின் விவரம் இந்தியாவுக்குள்தான் இருக்க வேண்டும், ஒவ்வொருவரின் கையெழுத்துச் சம்மதமும் வேண்டும், வெள்ளிக்குள் தராவிட்டால் ஆர்டர் கிடையாது.

விசாரித்தால் எங்கள் விவரம் சிங்கப்பூர் சர்வரில் இருக்கிறதாம். கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நானே இன்னும் பாஸ்போர்ட் எடுக்கல. அதுக்குள்ள என் வெவசாயிகள சிங்கப்பூர் அனுப்பிட்டியே!"

எந்தப் பக்கம்?

எல்லாவற்றையும் அதே சேவையின் மும்பை சர்வருக்கு மாற்றி, சிங்கப்பூரில் இருந்ததை அழிக்கச் சொன்னேன். பிறகு கையெழுத்து வாங்க ஜீப்பில் கேரள எல்லையிலுள்ள போடிமெட்டு மலை ஏறினேன். மலைச்சாமி அண்ணனுக்கு வீடு போடியில், தோட்டம் கேரளாவில்.

"இனிமே உங்க விவரம் நம்ம நாட்டுக்குள்ளதான் இருக்கும்ண்ணே."

"நாட்டுக்குள்ளன்னா? கேரளாவா, தமிழ்நாடா?"

"ரெண்டும் இல்ல, மும்பை."

பேனாவை வாங்கிக்கொண்டார். "அப்பாடா! ரெண்டு செக்போஸ்ட்டுக்காரனும் மறிக்க மாட்டான் தங்கச்சி."

பதினேழாம் நம்பர்

வியாழக்கிழமை பாக்கி ஒரே ஒரு கையெழுத்து, குரங்கணி மலைக்கிராமத்துப் பாண்டியம்மாவுடையது. நான் பரபரத்தேன்; அவர் பேனாவைத் தொடவே இல்லை. "தோட்டம் எங்க இருக்கு, காய் எப்பப் பழுக்கும், ரெண்டையும் ஒரே எடத்துல எழுதி வச்சிருக்க. களவாணிப் பயலுக்கு இதைவிட என்ன வேணும்? மும்பையில இருந்தா மட்டும் களவு போகாதா ஆத்தா?"

கிளவுட் சேவைக்காரர்களுக்குப் போன் போட்டுக் கேட்டேன். கணிப்புக்கு ஊர்ப் பெயர் மட்டுமே போதுமாம்! இதை முதலிலேயே சொல்வதற்கு என்ன கேடு? அங்கேயே லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்து எல்லாருடைய பெயர், போன், இடம் மூன்றையும் நீக்கி, ஆளுக்கொரு நம்பர் போட்டேன்; எந்த நம்பர் யார் என்பது என் கடை நோட்டில் மட்டும். 'குரங்கணி, 17' என்று அவரிடம் காட்டினேன்.

கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "பதினேழுன்னா யாருன்னு எனக்கே தெரியல. அப்பச் சரி, கொண்டா பேனாவ."

வெள்ளிக்கிழமை ஆர்டர் உறுதியானது. ஒருவர் பெயரைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு நிமிடம், அதை மரியாதையாக இறக்க நாலு நாள் ஜீப்பும் ஒரு முதுகுவலியும்.