மிளகு கிடந்த அறை

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொல்லி வைத்தவர்கள் மாத்தளையில் வாடகைக்கு வீடு தேடியதில்லை. தேடியிருந்தால் பழமொழி இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கும்.

நான் யாழ்ப்பாணத்துக்காரி. அரசாங்க வேலை, எங்கே மாற்றுகிறார்களோ அங்கே போகிறவள். மாத்தளைக்கு மாற்றம் வந்தபோது அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தேன். அப்பா போன பிறகு ஊர் வீட்டில் அவர் தனியாக இருப்பதை நினைக்கவே பயமாக இருந்தது. எனக்கும் கல்யாணம், குடும்பம் என்று வேறு யாரும் இல்லை.

முதல் வீட்டைத் தெரிந்தெடுத்தது நான்தான். சித்திரை மாதம். படியேறிப் படியிறங்கிக் கால் ஓய்ந்துபோன ஒரு மத்தியானம், டவுனுக்கு வெளியே ஒரு ஒழுங்கையில், பலா மரங்களுக்குக் கீழே அந்த வீட்டைப் பார்த்தோம். செருப்பைக் கழற்றிச் சீமெந்துத் தரையில் கால் வைத்ததும் உள்ளங்கால் குளிர்ந்தது. எங்கள் பக்கத்து ஆட்கள் வீடு பார்க்கிற விதமே அதுதான். நிழல் விழுகிறதா, தரை குளிர்கிறதா என்று பார்ப்போம். வெயிலில் வெந்தவர்களுக்கு வேறு என்ன தெரியும்? நான் அம்மாவைப் பார்த்துச் சிரித்தேன். மாற்றம் வந்த நாளிலிருந்து நான் சிரித்ததாக ஞாபகம் இல்லை.

அம்மா அறைகளை ஒரு சுற்றுச் சுற்றினார். வீட்டுக்காரர் விட்டுப்போயிருந்த பெரிய அலுமாரிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வந்து, "உனக்குப் பிடிச்சிருக்கோ?" என்று கேட்டார். பிடித்திருக்கிறது என்றேன்.

"அப்ப இதையே எடுப்பம்."

ஐப்பசியில் மழை தொடங்கியது. அதன் பிறகு அந்த வீடு காயவே இல்லை. உப்புப் போத்தலைக் கவிழ்த்துத் தட்டினாலும் உப்பு விழாது. சேலை மடிப்புகளில் பச்சைப் பச்சையாகப் பூஞ்சணம். தோய்த்த உடுப்பை அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போட்டு, அலுவலகத்தில் தாளித்த வெங்காய வாசத்தோடு உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் அலுமாரியை நகர்த்திப் பார்த்தால் பின்சுவர் முழுக்கக் கறுத்துக் கிடந்தது. அதையும் பொறுத்திருக்கலாம். ஆனால் இளவயதில் அம்மாவை விட்டுப்போன முட்டு, அந்த மூச்சிழுப்பு, திரும்பி வந்துவிட்டது. விடிய எழும்பும்போதே மூச்சு விசிலடித்தது. டொக்டர் மருந்து எழுதிவிட்டு, ஈரமில்லாத வீடாகப் பார்த்துப் போகச் சொன்னார். மாத்தளையில், மாரி மழையில், ஈரமில்லாத வீடு. அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அம்மா ஒரு பையில் நாலைந்து சேலையை மடித்து வைத்துவிட்டார்.

"தை பிறக்க முதல் ஒரு வீடு கிடைச்சா இருக்கிறன். இல்லாட்டி ஊருக்குப் போறன் பிள்ளை."

அந்த நெஞ்சோடு, ஊரில், தனியாக. அந்தப் பை கதவோரத்தில் இருந்தது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதைத் தாண்டித்தான் நடந்தேன்.

வேலை முடிந்ததும் தெரிந்த ஓட்டோக்காரர் ஒருவரோடு மறுபடியும் படியேற்றம் தொடங்கியது. எல்லா வீட்டிலும் அதே கேள்விகள். எத்தனை பேர், எந்த ஊர், ஆம்பிளைங்க யாரும் இல்லையா. ஒருவர் அரசாங்க உத்தியோகம் என்றதும் முகம் மலர்ந்து தேத்தண்ணீர் தந்தார். அம்மாவின் மூச்சிழுப்பைப் பற்றிச் சொன்னதும், மகளுக்குக் கல்யாணம் வருகிறது, வீடு தேவைப்படும் என்றார். அந்த மகள் பள்ளிக்கூடச் சீருடையோடு முற்றத்தில் பந்து விளையாடிக்கொண்டிருந்தாள். டவுனிலிருந்து தூரத்தில், பல்லேபொலயில் ஒரு வீடு நன்றாகக் காய்ந்து இருந்தது. ஆனால் நான் பஸ் பிடித்து வீடு வந்து சேர்வதற்குள் அம்மாவுக்கு ஏதாவது நடந்தால் யார் பார்ப்பது?

சூடு கண்ட பூனையாக, எந்த வீட்டுக்குப் போனாலும் ஹோலைப் பார்க்காமல் நேரே அலுமாரிக்குப் பின்னால் தலையை நீட்டினேன். சுவரை முகர்ந்தேன்.

"மிஸ், நீங்க வீடு பாக்க வர்றீங்களா, மோப்பம் பிடிக்க வர்றீங்களா?" என்று கேட்டார் ஓட்டோக்காரர். சிரிக்கத் தெம்பில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னொன்னு இருக்குங்க. ஆனா சரியான சூடு. யாரும் எடுக்க மாட்டாங்க" என்றார்.

முஸ்லிம் வியாபாரி ஒருவரின் வீட்டுக்குப் பின்னால், மேற்கைப் பார்த்த இரண்டு அறைகள். மேலே ஷீட் கூரை. கதவைத் திறந்ததும் வெக்கை முகத்தில் அடித்தது. வீட்டுக்கார அம்மா தானே குறை சொன்னார்.

"பகல்ல இருக்க ஏலாதுங்க மிஸ். வந்தவங்க எல்லாம் ரெண்டு மாசத்துல போயிட்டாங்க. இது வாப்பா மிளகு போட்டு வைக்கக் கட்டினது. ஈரம் பட்டா மிளகு பூத்துப் போகுமே, அதான் தரைய ஒசத்தி, வெயில் விழுற பக்கமா கட்டினாங்க."

நான் சுவரை முகர்ந்தேன். ஈர நாற்றம் இல்லை. ஆனால் மூலையில் மெல்லிய மிளகு வாசம் இருந்தது. அது அம்மாவின் நெஞ்சைக் கிளப்பிவிட்டால்? அப்படி நடந்தால் தேடுவதற்கு இனி வேறு வீடும் இல்லை, என்னிடம் சக்தியும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிப் போனேன். அவர் வெறுந்தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தார். வியர்த்து ஒழுகியது. இப்போது இருமுவார், இப்போது இருமுவார் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அம்மா கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் தலை சரிந்தது. குனிந்து காது கொடுத்தேன். விசில் இல்லை. பிளேன்டீயோடு வந்த வீட்டுக்கார அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"தூங்கட்டும் மிஸ். மத்ததை அப்புறம் பேசிக்குவோம்" என்றார் மெதுவாக.

தை பிறக்க முதலே குடிபோனோம். சாமி படம், உப்பு, மஞ்சள் எல்லாம் முதலில் உள்ளே போயின. மற்றச் சாமான்களை இறக்கி முடித்த பிறகு அம்மா அந்தப் பையை அவிழ்த்து, சேலைகளை ஒவ்வொன்றாகச் சுவர்த் தட்டில் அடுக்கத் தொடங்கினார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பேச வாய் வந்தது.

"குளிர்மையைப் பார்த்து ஏமாந்திட்டன் அம்மா. அந்த வீட்டை எடுத்தது என்ர பிழை."

அம்மா திரும்பாமலே சொன்னார்: "அண்டைக்கே அலுமாரிக்குப் பின்னால பூஞ்சணத்தைப் பார்த்தனான்."

"பிறகேன் சொல்லேல்லை?"

"நீ களைச்சுப் போய் நிண்டாய். இன்னொரு வீடு பார்க்க நட எண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்லை."