ஊதாத் துணியில் ஒரு முட்டை

நேற்றுக் காலை சேலம் ஃபேர்லேண்ட்ஸ் வீட்டில் ஆம்லெட்டுக்கு உடைத்த மூன்றாவது முட்டை கூமுட்டை. ஓடு விரிசல் விட்டதுமே நாற்றம் எழுந்தது. கிண்ணத்தில் கிடந்த இரண்டு நல்ல மஞ்சள்களின் மேல் அது கரும்பச்சையாகச் சரிந்தது. கொட்டினேன். புளி போட்டுக் கை கழுவினேன், பிறகு சோப்பு, பிறகு மறுபடி புளி. விரலை முகர்ந்தேன். இருந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தைய வேப்பமரத்தடியும் அந்த விரலில் இருந்தது.

அக்காவுக்கு நாமக்கல்லைத் தாண்டி ஒரு கிராமத்தில் கோழிப்பண்ணை. நீளமான இரண்டு கொட்டகை, கூண்டுகள், கீழே எச்சத்தின் மேடு. பக்கத்திலேயே வீடு. அந்தக் கோடையில் வெயிலுக்குக் கோழிகள் கூண்டுக்குள்ளேயே வாயைப் பிளந்து செத்தன. வைகாசியில், சோறு பிசைந்துகொண்டிருந்த அக்கா கணவரின் வலது கை தட்டிலேயே விழுந்து கிடந்தது. எடுக்க முடியவில்லை. சேலத்தில் ஆஸ்பத்திரி, பிறகு வீட்டில் கட்டில். வாய் கோணி, எச்சில் வழிய, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

அதற்குப் பத்து நாள் கழித்து அக்கா போன் செய்தாள்.

"உடனே பொறப்பட்டு வா. போன்ல பேசற சமாச்சாரம் இல்ல."

போனேன். கேட்டுக்குப் பக்கத்தில், வேப்பமரத்தடியில், தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம். அதன் கரையில் ஒரு தகரத்தின் மேல் அது கிடந்தது. கறுப்புத் துணி முடிச்சு. மண்வெட்டி பட்டு உள்ளே முட்டை உடைந்திருந்தது. நாற்றம் பத்தடிக்கு முன்பே மூக்கில் குத்தியது. ஈக்கள் கொத்தாக மொய்த்தன. பச்சைச் சீழில் ஊறிய ஓலைத் துண்டு ஒன்று, முடிச்சு முடிச்சாக ஒரு கயிறு.

"பாத்தியா?" என்றாள் அக்கா. "செய்வினை. கண்ணும் மூக்கும் வெச்சு யாரும் சொல்ல வேண்டியதில்ல. முட்டை, ஓலை, கயிறு."

நாங்கள் பரம்பரைக் கத்தோலிக்கர். ஞாயிறு பூசை தவறாத குடும்பம். படித்தவள், கவிதை எழுதுகிறவள் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு எண்ணமும் உண்டு. அத்தனையும் அந்த நாற்றத்தில் கரைந்தது. நெற்றியில் சிலுவை போட்டேன். கொசுவை அடிக்கிற வேகத்தில், கொசுவை அடிக்கிற பக்தியோடு.

"யாரு செஞ்சா?"

அக்கா கொட்டகைப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். அங்கே முட்டை பொறுக்கும் பெண் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்பது வருடமாக இங்கே வேலை. புருஷன் இறந்தபின் கொட்டகைக் கடைசியில் இருக்கும் ஒற்றை அறையில் தனியாக இருந்தாள். ஐம்பது வயசிருக்கும்.

"அவதான். போன மாசம் இந்த மரத்தடியில மண்ணத் தோண்டிட்டு இருந்தா. நானே பாத்தேன். கேட்டா முருங்கைக் கம்பு நடறேங்கறா."

"சரி, நட்டிருக்காளா?"

"நட்டிருக்கா. அது சாக்கு."

பிறகு விஷயம் வந்தது. முடிச்சைப் படம் பிடித்து, யாரோ கொடுத்த ஒரு நம்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். எந்தப் பங்குக் கோயிலும் எந்தச் சபையும் அனுப்பாத ஒரு ஜெபக்காரர். படத்தைப் பார்த்துவிட்டு, "வாசலுக்குள்ள வந்து போற பொம்பள கை" என்று சொல்லியிருந்தார். எந்த வீட்டில்தான் வாசலுக்குள் ஒரு பெண் வந்து போவதில்லை? உப்புத் தண்ணீரை ஜெபித்து அவள் முகத்தில் அடியுங்கள், உள்ளே இருப்பது கத்தும் என்றும் சொல்லியிருந்தார். சாயங்காலம் அவரே வருவதாக ஏற்பாடு. அவர் வருவதற்குள் அந்தப் பெண் இடத்தைக் காலி செய்ய வேண்டும்.

"அடிச்சியா?"

"அடிச்சேன்."

"கத்துச்சா?"

"எரியுதுங்கன்னு கத்துனா. வேற எப்படிக் கத்தும்?"

கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன். அவள் கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தன. முந்தானையால் ஒற்றி ஒற்றி முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வாங்க சாமி, பஸ்சுல கூட்டமுங்களா?" என்றாள்.

நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவள் நகங்களைப் பார்த்தேன். நகக்கண்ணில் கறுப்பு மண் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. கோழிப்பண்ணையில் யார் நகத்தில் இருக்காது? ஆனாலும் என் முதுகில் ஏதோ ஊர்ந்தது. பதில் சொல்லாமல் திரும்பி வந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்த அழுகல் முட்டையை விட அந்தத் திரும்பல்தான் எனக்குக் குமட்டுகிறது.

மரத்தடியில் நின்று ஜெபித்தேன். அதையும் மறைக்கப்போவதில்லை. ஆண்டவரே, இதைச் செய்த கையைக் காட்டும் என்று கேட்டேன். பழி வாங்கும் ஜெபம். வெற்றிலை மை போட்டுப் பார்க்கிறவனிடம் கேட்க வேண்டியதை அவரிடம் கேட்டேன். கேட்டுவிட்டுக் கண்ணைத் திறந்தால் ஒரு ஈ பறந்து, கயிற்றில் ஒரு முடிச்சு தெரிந்தது. முடிச்சில்லை. மணி. அடுத்ததும் மணி. பத்து மணி, ஒரு இடைவெளி, ஒரு மணி, மறுபடி பத்து.

காட்டிவிட்டார்.

அது என் செபமாலை. ஈஸ்டருக்கு அக்கா வீட்டுக்கு வந்திருந்தபோது, பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதையில் அறுந்தது. ஓலை, போன வருடத்துக் குருத்தோலை. முட்டை, ஈஸ்டருக்கு முந்தைய பாஸ்கா இரவில் பங்குச் சாமியார் மந்திரித்துக் கொடுத்தது. அதுவும் அக்கா கோயிலுக்குக் கொடுத்த தட்டுகளில் இருந்ததுதான். கைப்பையில் வைத்து மூன்று நாள் மறந்துபோனேன். மந்திரித்த பொருளைக் குப்பையில் போடக்கூடாது, எரிக்க வேண்டும் அல்லது புதைக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். தவக்காலத்தில் சிலுவையை மூடிய ஊதாத் துணியின் கிழிசலில் எல்லாவற்றையும் முடிந்து, சேலம் திரும்பும் நாளில், ஆட்டோ வரும்வரை வேப்பமரத்தடியில் நானேதான் குழி பறித்தேன். முட்டையை வீணாக்கினேன் என்று அக்கா திட்டுவாளே என்று சொல்லவில்லை. மண் ஊதாவைக் கறுப்பாக்கியிருந்தது; பயத்தில் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

குனிந்து வெறும் கையால் எடுத்தேன்.

"தொடாதடி!" என்று அக்கா அலறினாள். "உனக்கும் கை போயிரும்!"

சீழ் மணிக்கட்டு வரை வழிந்தது. "இது நான் பொதச்சதுக்கா."

"அவளக் காப்பாத்தப் பொய் சொல்லாத."

அறுந்த சிலுவையை மட்டும் புதைக்க மனசு வராமல் பர்ஸில் வைத்திருந்தேன். எடுத்துக் கயிற்றின் நுனியில் வைத்தேன். அறுந்த கயிறும் அறுந்த கயிறும் பொருந்தின. அக்கா பார்த்தாள். ஈக்கள் என் கையில் உட்கார்ந்தன.

"சரி," என்றாள் கடைசியில். "இது உன்னோடதுதான். இருந்தாலும் அவ போகட்டும்."

"எதுக்கு?"

"இனி அவளப் பாத்தா எனக்குப் பயமாத்தான் இருக்கும். மனசுல விழுந்துருச்சு."

அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. முட்டை இருக்கும்வரை அது முட்டையில் இருந்தது போலிருந்தது. முட்டையை எடுத்துவிட்டேன், அது எழுந்து என் அக்காவின் வாயில் உட்கார்ந்து பேசியது, அவளுடைய குரலில், சாதாரணமாக, சாம்பாருக்கு உப்புப் போதாது என்பது போல.

"பாஸ்கா ராத்திரியில மெழுகுதிரியப் புடிச்சுட்டு மூணு தடவ சொன்னமே," என்றேன். "சாத்தானை விட்டுடறோம், அவன் செயலை விட்டுடறோம்னு. எங்கக்கா விட்டோம்? ஜெபிச்ச உப்ப எடுத்து ஒரு பொம்பள கண்ணுல அடிச்சிருக்க. இதவிட என்ன செய்வினை வேணும்? மண்டி போடு. என்கூட மண்டி போட்டு இப்ப சொல்லு."

அவள் போடவில்லை. நான் போட்டேன். எச்சமும் மண்ணும் கலந்த தரையில், முட்டை வழியும் கையோடு, விட்டுவிடுகிறேன் என்று மூன்று முறை சொன்னேன். அந்தப் பெண்ணின் நகத்தைப் பார்த்த கண்ணையும் சேர்த்துச் சொன்னேன். ஒளி ஒன்றும் இறங்கவில்லை. நாற்றம் அப்படியே இருந்தது. பயம் மட்டும் போயிருந்தது. எழுந்தபோது அக்கா போனை எடுத்து, "வர வேண்டாமுங்க" என்று அந்த ஜெபக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். காரணம் சொல்லவில்லை. அழுதாள். அவ்வளவு தூரம்தான் அவளால் அன்றைக்கு வர முடிந்தது.

அறைக்குப் போனபோது அந்தப் பெண் இரண்டு பைகளைக் கட்டியிருந்தாள். பள்ளிபாளையத்தில் மகள் தறிக்குப் போகிறாள், அங்கே போவதாகச் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னேன். முடிச்சு என்னுடையது என்றேன். அக்கா இருக்கச் சொல்வாள், நான் பேசுகிறேன் என்றேன்.

"வேண்டாமுங்க சாமி. நாளைக்கு ஒரு கோழி செத்தாலும் அம்மிணி என் மூஞ்சியத்தான் பாக்கும். ஒம்போது வருசம் அம்மிணி மூஞ்சியப் பாத்துத்தான் சோறு வாங்கி உண்டேன்."

பஸ் நிறுத்தம்வரை ஒரு பையை நான் தூக்கினேன். இடது கையில். வலது கையை உடம்பில் படாமல் விலக்கிப் பிடித்திருந்தேன். அவள் கவனித்துக்கொண்டே வந்தாள். சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. பஸ் வந்தது. பையை வாங்கிக்கொண்டு படியில் ஏறினாள்.

"என்னை மன்னிச்சிருங்க," என்றேன்.

சிவந்த கண்ணால் என் கையைப் பார்த்தாள்.

"நல்லா சோப்புப் போட்டுக் கழுவுங்க சாமி. இந்த நாத்தம் சீக்கிரம் போவாதுங்க. நான் போறேன்."