இரண்டாம் நாற்காலியில் பேச்சு வேண்டாம்

எங்கள் சலூனில் மூன்று நாற்காலிகள். முதல் நாற்காலி முதலாளியுடையது, அதில் உட்கார்ந்து அவர் போன் பார்ப்பார். மூன்றாவது என்னுடையது. நடுவில் நின்று முடி வெட்டுகிறவரை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடமாக அந்த ரேடியோவை யாராலும் அணைக்க முடியவில்லை. தலையில் தண்ணீர் அடிக்கும்போது ஆரம்பிப்பார், துணியை உதறும்போதுதான் முடிப்பார். ஒரே கதையை ஒரே நாளில் நாலு தலைக்கு நாலு விதமாகச் சொல்லுவார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிருந்தது. ஆனால் பேச்சோடு வேலையும் நடக்கும். காதுக்குப் பின்னால் தழும்பு இருக்கிறதா, பிளேடு பட்டால் எரியுமா, எல்லாவற்றையும் பேச்சுவாக்கில் கறந்துவிடுவார்.

அந்த வாய்தான் அவர் வீட்டைக் கெடுத்தது. மகனுக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்றுபோனது. அவன் வெளியில் தலைகாட்டவே கூசிக்கொண்டிருந்தபோது, இவர் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் புலம்பித் தீர்த்துவிட்டார். மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர். ஒருநாள் மகன் கடை வாசலில் நின்றபடியே கேட்டான்.

"பாக்குறவங்க எல்லாம் உச்சுக்கொட்டுறாங்க. நீங்க வாய மூடிக்கிட்டு இருந்தா என்ன குறைஞ்சா போயிடுவீங்க?"

அத்தோடு தனி வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான். அதுவரை அவன் தலையில் அப்பாவின் கத்தரியைத் தவிர வேறு கத்தரி பட்டதில்லை. பதினான்கு மாதமாக அவன் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. பிறகு இவரும் போன் செய்வதை விட்டுவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் முதலாளி ஆப் கொண்டுவந்தார். வருகிறவர்கள் போனிலேயே நேரம் குறிக்கலாம், நாற்காலியைத் தேர்ந்தெடுக்கலாம், முடி எவ்வளவு வேண்டும் என்று சொல்லிவிடலாம். கடைசியில் ஒரு கட்டம்: 'பேச்சு வேண்டாம்'. அதில் டிக் இருந்தால் நாங்கள் வாயைத் திறக்கக் கூடாது. முதல் வாரம் ரேடியோ சிரித்தார். மூன்றாவது மாதம் அவரிடம் வந்தவர்களில் பாதிப் பேர் டிக் போட்டுத்தான் வந்தார்கள். மீறிப் பேசியதில் இரண்டு புகார். "இன்னொண்ணு வந்தா நாற்காலி கிடையாது" என்றார் முதலாளி. அதன்பிறகு டிக் போடாதவர்களிடமும் ரேடியோ பேசுவதில்லை. டீ குடிக்கும்போது என்னிடமும் பேசுவதில்லை. விட்டது தொல்லை என்றுதான் நினைத்தேன். நாலே நாளில் அந்தக் குரல் இல்லாமல் கடை எனக்கு வெறிச்சென்று ஆகிவிட்டது, இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை காலை இரண்டாம் நாற்காலிக்கு ஒரு பதிவு வந்தது. பெயரைப் பார்த்ததும் ரேடியோ போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"என் பையன்."

"வந்துட்டான் பாத்தீங்களாண்ணே!"

அவர் விரல் அந்தக் கட்டத்தைக் காட்டியது. டிக் இருந்தது.

"வாய மூடிக்கிட்டா வரேன்னு சொல்றான். மூடிக்கிறேன்" என்றார்.

மகன் வந்து உட்கார்ந்தான். கண்ணாடியில் அப்பாவைப் பார்த்தான். இவர் துணியைக் கட்டினார், தண்ணீர் அடித்தார், சீப்பை எடுத்தார். மகன் இரண்டு முறை தொண்டையைக் கனைத்தான். இவர் கிருதாவை அளந்துகொண்டிருந்தார். பிடரியில் இரண்டு நரைமுடி. அதைச் சீப்பால் தொட்டார், அப்படியே விட்டுவிட்டார். முப்பது வயதுகூட ஆகவில்லை அவனுக்கு. முடிந்ததும் பின்பக்கம் கண்ணாடியைப் பிடித்துக் காட்டினார். அவன் தலையாட்டினான். எழுந்து கொஞ்ச நேரம் நின்றான். பிறகு போய்விட்டான்.

"ஒரு வார்த்தை பேசலப்பா நான்" என்றார் என்னிடம், பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி. எத்தனையோ மாதம் கழித்து அந்த முகத்தில் அப்போதுதான் உயிரைப் பார்த்தேன்.

அரை மணி நேரத்தில் அவர் போன் சத்தம் போட்டது. மகன் மூன்று நட்சத்திரம் கொடுத்திருந்தான். கீழே எழுதியிருந்ததை நான்தான் படித்தேன்.

"வெட்டு சுத்தம். அப்பா ஒரு வார்த்தையாவது பேசுவார்னுதான் வந்தேன்."

"அப்ப எதுக்கு டிக் போட்டான்?" என்றேன்.

முதலாளி தன் போனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "அந்த டிக்கா? இப்ப எல்லாருக்கும் அது தானா விழும். டிக் வேணாம்னா அவங்கதான் எடுக்கணும். போன வாரம் மாத்தி வச்சேன், உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன்."

அந்த ஆளின் கழுத்தைத் திருகலாம் போல இருந்தது எனக்கு. ரேடியோ நாற்காலியில் ஒட்டியிருந்த முடியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இப்பவே போன் போடுங்க. இன்னைக்கு எடுப்பான்."

"போட்டு என்னப்பா பேசுறது?"

சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே என்னைக் கேட்டார்.

"இதுலயே பதில் அனுப்பலாமா?" என்றார் பிறகு.

"அனுப்பலாம். ஆனா நாம எழுத முடியாது. மூணு பதில் ரெடியா இருக்கும், ஒண்ண அழுத்தணும்."

"படி."

"'நன்றி, மீண்டும் வருக.' 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்.' 'குறைக்கு வருந்துகிறோம், அடுத்த முறை சரிசெய்கிறோம்.'"

"கடைசியா படிச்சியே, அது."

அழுத்தினேன். அடுத்த ஆள் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சுண்ணே."

துணியை உதறி அந்த ஆளின் கழுத்தில் கட்டினார்.