பதினேழாம் எண் பங்குப் பத்திரம்

சாலமோன் கிராணி, என் புருஷன் நான்கு மாதம் அடைபட்டுக் கிடந்ததற்கு நீர்தான் காரணம். காட்டில் ஒளிந்திருக்கிறவர்கள் இல்லை, போலீஸ் இல்லை, நீர்.

சபையாரே, நான் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். பெயர் ரூத். அலங்காரமாக எழுத வராது. கர்த்தர் எனக்குச் செய்ததைச் சபைக்குச் சாட்சியாக எழுதித் தர வேண்டும் என்று போதகர் ஐயா கேட்டார். சொல்லுகிறேன். ஆனால் கிராணி செய்ததை விட்டுவிட்டுச் சொல்ல என்னால் முடியாது.

ரப்பர் விலை ஏறி, கையில் நாலு காசு மிஞ்சிய காலம் அது. எங்கள் தோட்டம் புக்கிட் பெலிம்பிங் பக்கம். எங்கள் வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். உள்ளே வரவும் வெளியே போகவும் ஒரே ஒரு வாசல். அங்கே நிற்கும் காவல்காரர்கள் சோற்றுப் பொட்டலம் முதல் தலைமுடி வரை சோதிப்பார்கள். காட்டில் ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்டுகளுக்கு அரிசியோ பணமோ போகிறது என்று சந்தேகம் வந்தால் போதும், ஆளைப் பிடித்துக் கொண்டு போவார்கள். வழக்கு, விசாரணை எதுவும் வேண்டாம். சிலரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பியும் விட்டார்கள்.

அப்போதுதான் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி ஒரு கம்பெனி ஆரம்பித்தார். கம்போங் குவாந்தான் பக்கம் நிலம் வாங்கி ரப்பர் போடுவோம், ஆளுக்கொரு பங்கு, இருபது வெள்ளி கொடுத்தால் போதும் என்றார். "முதலீடு" என்றார். "லாபப்பங்கு" என்றார். எங்களுக்கு அந்த வார்த்தைகள் தெரியாது. தெரிந்ததெல்லாம் கூட்டு ஒன்றுதான். மாதம் பத்துப் பேர் பணம் போடுவோம், முறை வரும்போது ஒருவர் மொத்தமாக எடுப்பார். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தோம். "யாருக்கு முதல்ல விழும் கிராணி?" என்று கேட்டவர்களிடம் அவர் சிரித்தாரே தவிர, இது கூட்டு இல்லை என்று சொல்லவில்லை.

என் புருஷன் அருளப்பன் பல வருஷம் தோட்டத்துக் கூட்டை நடத்தியவர். ஒரு காசு பிசகியதில்லை. அதனால் பங்குப் பணம் வசூலிக்கிற வேலையைக் கிராணி அவரிடம் கொடுத்தார். பெயர், எண், தொகை மூன்றையும் அவர் ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக் கொண்டார். பணம் கட்டியவர்களுக்குக் கிராணி இங்கிலீஷில் அச்சடித்த பத்திரம் கொடுத்தார். சிவப்பு முத்திரை, ஓரத்தில் ரப்பர் இலைப் படம்.

கிறிஸ்துமஸ் கழிந்து முதல் சம்பள நாள். அருளப்பன் வாசலைக் கடந்தபோது சட்டைப் பையில் இருந்த பட்டியலை எடுத்துவிட்டார்கள். பெயரும் பணமும் எழுதிய பட்டியல். அந்த நாளில் அது என்னவாகத் தெரியும் என்று உங்களுக்கே தெரியும்.

"காட்டுக்கு டுயிட், காசு வசூல் பண்றியா?" என்று ஓர் அறை. அவர், "இல்லைங்க, கம்பெனிப் பங்கு, கிராணியக் கேளுங்க" என்றார்.

கிராணியைக் கூப்பிட்டார்கள். நான் பத்தடி தூரத்தில் நின்றேன். என் காதால் கேட்டேன்.

"கம்பெனியா? எனக்கு ஒன்னும் தெரியாதுங்க. இந்தப் பட்டியல நான் பார்த்ததே இல்ல."

அருளப்பனை லோரியில் ஏற்றினார்கள்.

அன்று சாயங்காலமே கிராணி லயம் லயமாக வந்தார். "பத்திரம் வச்சிருக்கவங்க எரிச்சிடுங்க. கெடச்சா உங்களயும் தூக்கிடுவாங்க லா." எல்லாரும் எரித்தார்கள். சபையாரே, நானும் எரித்தேன். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பயந்து போய் என் கையாலேயே அடுப்பில் போட்டேன்.

அடுத்த வாரம் கோலசிலாங்கூர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்க் கெஞ்சினேன். மேசையில் இருந்தவர் ஒரே கேள்வி கேட்டார். "கம்பெனி என்றால் காகிதம் எங்கே?" அதைத்தான் நான் அடுப்பில் போட்டிருந்தேன். கூட வந்து சாட்சி சொல்ல ஒருவரும் இல்லை. காட்டுக்குப் பணம் கொடுத்தவன் என்று தன் பெயரையும் எழுதிவிடுவார்கள் என்று ஒவ்வொருவருக்கும் பயம்.

தினமும் விடியுமுன், பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகுமுன், முழங்காலில் நின்றேன். அழகான ஜெபம் இல்லை. "ஆண்டவரே, நான் எரித்ததை எனக்குத் திருப்பித் தாரும். எப்படியோ தாரும்." அவ்வளவுதான். நாற்பது நாள் உபவாச காலம் தொடங்கியது. பதில் வரவில்லை. அவரைக் கப்பலேற்றப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. ஒரு நாள் கர்த்தரைத் திட்டினேன். அதையும் மறைக்கவில்லை.

பக்கத்து வீட்டு முனியம்மா அக்காளுக்குக் காய்ச்சல் கண்டது. கஞ்சி கொண்டுபோனேன். அந்த வீட்டுக்குள் நான் அதற்குமுன் கால் வைத்ததில்லை. சாமிப் படம் இருக்கும் வீட்டுக்குள் போகக்கூடாது என்று நம் சபையில் சொல்லி வைத்திருந்தார்கள். கஞ்சியைக் கீழே வைத்து நிமிர்ந்தேன். சாமி மாடத்தில், லட்சுமி படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டம் போட்டு, மஞ்சளும் குங்குமமும் வைத்து, சிவப்பு முத்திரை.

"அக்கா! இத எரிக்கலியா?"

"பணம் காய்க்கிற காகிதம்னு கிராணி குடுத்தாரு. லட்சுமிய எவளாச்சும் அடுப்புல போடுவாளா? அவன் எரிக்கச் சொன்னா நான் எரிக்கணுமாடி?"

"அருளப்பன வெளிய கொண்டுவர இது ஒன்னுதான் இருக்கு அக்கா."

"அப்ப எடு. குங்குமத்த மட்டும் தொடைக்காத."

காய்ச்சலோடு அவளே என்னுடன் வந்தாள். வாசலில் காவல்காரன் சட்டத்தைப் பார்த்துச் சாமிப் படம் என்று நினைத்து விட்டுவிட்டான்.

ஸ்டேஷனில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்தார். கண்ணாடியைத் துடைத்துப் படித்தார். எண் பதினேழு. அருளப்பனிடம் பிடித்த பட்டியலை எடுத்தார்கள். பதினேழில் முனியம்மா, இருபது வெள்ளி. பத்திரத்தின் அடியில் கம்பெனிச் செயலாளர் கையெழுத்து. அது சாலமோன் கிராணியின் கையெழுத்து.

பிறகு அந்த மனிதர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். "இது கூட்டு இல்லம்மா. ஒரு பங்கோட விலை நூறு வெள்ளி. நீங்க கட்டினது இருபது. மீதி எண்பத கம்பெனி எப்பக் கேட்டாலும் கட்டணும். லாபம் வந்தா, அதுவும் பிரிச்சுக் குடுக்க அவங்க முடிவு பண்ணினாத்தான், லாபப்பங்கு. நட்டம் வந்தா போட்டது போச்சு. முறைன்னு ஒன்னு வராது."

முனியம்மா அக்கா சட்டத்தைப் பார்த்தாள். "இதுக்கா தெனம் சூடம் காட்டினேன்?" என்றாள். அந்தத் துக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுதேன்.

உயிர்த்தெழுந்த திருநாள் முடிந்து இரண்டாம் வாரம் அருளப்பன் வந்தார். இடது காது கேட்காது. கை நடுங்குகிறது, பால் வெட்ட முடியாது. நான் கேட்டதெல்லாம் கிடைத்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவரைக் கப்பலேற்றவில்லை. என் பிள்ளைகளுக்குத் தகப்பன் இருக்கிறார். கர்த்தர் கொடுத்தார். நாம் நுழையக்கூடாது என்று ஒதுக்கிய வீட்டில், நாம் கும்பிடாத மாடத்தில் வைத்து எனக்குப் பத்திரமாகக் காத்துக் கொடுத்தார். முகம் சுளிக்கிறவர்கள் சுளியுங்கள். இப்போது முனியம்மா அக்கா வீட்டில்தான் என் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள்.

கஷ்டத்தில் இருக்கிறவர்களே, ஜெபியுங்கள். வார்த்தை வராவிட்டாலும் முழங்காலில் நில்லுங்கள். பதில் வரும் வழியை மட்டும் அவருக்கு நீங்கள் சொல்லிக் கொடுக்காதீர்கள். புரியாத காகிதத்தில் கைநாட்டு வைக்காதீர்கள். படித்துச் சொல்ல ஆள் கிடைக்கும் வரை பொறுங்கள்.

கிராணி, உம்மைப் போலீஸ் விசாரித்தது, வேறு பட்டியல் என்று நினைத்தேன் என்று சொல்லித் தப்பினீர். தோட்டத்துத் துரையும் உம்மை விட்டுவிட்டார். இன்னும் ஞாயிறுதோறும் வேதபாடம் வாசிக்கிறீர். அருளப்பன் கேட்கிற காதை உம் பக்கம் திருப்பிக்கொண்டு முன்வரிசையில்தான் உட்காருகிறார். வருகிற ஞாயிறு பாடம் வாசிக்குமுன், சபை முழுவதும் கேட்க அவருக்குப் பதில் சொல்லும்: அன்று வாசலில் ஏன் தெரியாது என்றீர்?