கிளி ஏறிய தோள்

கினிகத்தேனையில் ஒரு கடைக்குப் பின்னால் துருப்பிடித்த கூண்டில் கிடந்த கிளியை நான்தான் கேட்டு வாங்கி வந்தேன். நெஞ்சில் இறகே இல்லை.

மருந்து, கொய்யா, எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக் குளிருக்குச் சாக்குப் போர்வை, எல்லாம் என் கையால்தான். பதிலுக்கு விரலெல்லாம் கடி.

"இந்தச் சனியன் எதுக்கு நமக்கு?" என்ற என் கணவர் அதைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

இன்று காலை அவர் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். திறந்திருந்த கூண்டிலிருந்து கிளி தத்தித் தத்தி வந்து, அவர் தோளில் ஏறி, கழுத்தோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடியது.

ஆசையாகக் கிட்டப் போனேன்.

"ஏய், கிட்ட வராத புள்ள. பாவம், பயந்துரப் போவுது!"

என்னிடம் சொல்கிறார்!

வயிறு எரிந்தது உண்மை. அவர் மேலா, கிளி மேலா என்றுதான் விளங்கவில்லை. அந்தத் தோளில் நான் சாய்ந்தே நாளாகிவிட்டது.

உங்கள் வீட்டில் எப்படி?